எச்சில் கண்ணாடி

இறக்குமதி நின்று, பாண் ரொட்டிக்கே கியூவில் நின்ற காலம். வெளிநாட்டுக் கண்ணாடிச் சாமானுக்கு எங்கே போவது? எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்த ஒரே ஒடுக்கி அந்த நேரம் பார்த்து உடைந்துபோனது. ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் அந்தக் குழாயில் பழகாமல் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் செய்முறைப் பரீட்சைக்குப் போக முடியாது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நான் அங்கே உதவியாளன். முன்பு கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடி ஊதப் பழகியவன். உக்குவளை டவுன் கடையொன்றில் எரிந்துபோன டியூப்லைட் இரண்டைக் கேட்டு வாங்கினேன். உள்ளே இருந்த வெள்ளை மாவைக் கழுவிவிட்டு, காலால் துருத்தியை மிதித்து நெருப்பில் கண்ணாடியை இளக்கி, அதில் மாட்டிய ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊதினேன். குழாய்க்குள் குழாயை நிறுத்தி முனைகளை ஒட்டுவதற்குள் உயிர் போய்விடும். மூச்சு கூடினால் வீங்கும், குறைந்தால் சுருங்கும். நான்கு துண்டுகள் பாழாயின. ஐந்தாவது நின்றது. ஒரு நாள் முழுக்க உமிச்சாம்பலில் புதைத்து ஆறவிட்டு எடுத்தேன். ஒரு கீறல் இல்லை.

இரசாயனம் படிப்பிக்கிற சேர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து வந்ததா என்று கேட்டார். நான் செய்தது என்றேன். வாயால் ஊதியா என்றார். மெச்சிக் கேட்கிறார் என்று நினைத்த மடையன் நான், ரப்பர் குழாயைக் கடித்து ஊதியும் காட்டினேன். அவர் ஒடுக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். நான் எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், என்ன சாதி என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எச்சில் பட்டத பிள்ளைகள் தொட வேணாம். அலுமாரியில வச்சுப் பூட்டு."

எச்சிலாம்! கண்ணாடியே உருகி ஓடும் நெருப்பில் என்ன எச்சில் மிஞ்சும்? இதைப் படித்துக் கொடுப்பதுதானே இந்த மனுஷனுக்கு வேலை? உடைந்துபோன வெளிநாட்டு ஒடுக்கியை எதால் ஊதினார்களாம் என்று கேட்டேன்.

"அது வேற," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. மறுநாள் அவர் வருமுன்பே ஒடுக்கியை எடுத்துத் தாங்கியில் மாட்டிவிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பழகத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தவர் அவர்கள் முன்னால் அதைப் பிடுங்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் போனார். ஆனால் பரீட்சை வரைக்கும் அதை ஒரு விரலாலும் தொடவில்லை.

பரீட்சையன்று வெளியூரிலிருந்து பரிசோதகர் வந்தார். ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்து, இந்தக் காலத்தில் இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். எங்கள் சேர் முன்னால் வந்து, கூசாமல் ஒடுக்கியின் மேல் கையை வைத்தார். இங்கிலாந்துச் சாமான், பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றார்.

நான் வாளியும் துணியுமாக நின்றிருந்தேன். வேலை போனால் போகட்டும் என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பரிசோதகரிடம் சொன்னேன்.

"இல்லீங்க சேர். இந்த வாயால நான் ஊதுனது. எச்சில், பிள்ளைகள் தொடக் கூடாது, பூட்டி வையின்னு சொன்னவர் இவர்தான்."