வயலைக் கொடுத்த கெரிகன்

டார்பி கெரிகன் தன் எழுபத்தாறு வருட வாழ்க்கையில் அரசாங்கத்துக்கு வேலை பார்த்தது மூன்றே நாள். அந்த மூன்று நாளுக்காக அடுத்த முப்பது வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் வாசலில் நின்று பதில் சொல்லவேண்டி வந்தது.

1838 கோடையில் நிலமளக்கும் பட்டாளம் எங்கள் ஐரிஷ் மேற்குப் பக்கம் வந்தது. சங்கிலி, கம்பம், தொலைநோக்கி எல்லாம் அவர்களிடம் இருந்தன. எந்த பாரனி எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியாது. பாரனி என்பது கவுண்டிக்குள், அதாவது மாவட்டத்துக்குள், ஒரு பிரிவு. வரி வசூலுக்கும் ரோடு போடுவதற்கும் மேலிடத்துக்கு வசதியாக இருந்தது. அதன் எல்லை எந்தக் காகிதத்திலும் ஒழுங்காக இல்லை. ஆகவே ஒவ்வொரு பாரனியிலும் விவரமான ஒருவனைப் பிடித்து, பைபிளின் மேல் கைவைக்கச் சொல்லி, எல்லைகாட்டி என்று பெயர் கொடுத்து முன்னால் நடக்கவிட்டார்கள். க்ளான்டூகன் பாரனிக்கு டார்பி. காரணம், அவருக்கு இங்கிலீஷ் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த எல்லையில் அடி வாங்கியும் இருக்கிறார்.

பட்டாளத்தின் கார்ப்பரல் பிளைத்துக்கு எல்லை போதாது, பெயர்க்காரணமும் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அவர் நோட்டில் ஒரு கட்டம் இருந்தது. க்ளான்டூகன் என்றால் டூகனின் பிள்ளைகள். அதுவரை சிக்கல் இல்லை. யார் அந்த டூகன் என்று நாலு வீட்டில் கேட்டார். முதல் வீட்டில் அவர் ராஜா. இரண்டாம் வீட்டில் மாடு திருடன். மூன்றாம் வீட்டில் புனிதர். நாலாம் வீட்டில் ராஜாவும் மாடு திருடனும் ஒரே ஆள்தான் என்றார்கள். கார்ப்பரல் நோட்டை மூடிவைத்து டார்பியைப் பார்த்தார்.

டார்பி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஒரு காலத்தில் இங்கே டூகன்கள் இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் கவுண்டி பிரித்தபோது அவர்கள் பெயரையே பாரனிக்கு வைத்தார்கள். பிறகு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர்களைக் கிழக்கே ஓடைக்கு அப்பால், ராத்மோய்ன் பாரனிக்குத் துரத்தினார்கள். பெயர் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது க்ளான்டூகனில் மருந்துக்குக்கூட ஒரு டூகன் கிடையாது. மிஞ்சியிருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம் மார்ட்டின் டூகன் குடும்பம்தான். அந்த மார்ட்டின்தான் ராத்மோய்னின் எல்லைகாட்டி.

இரண்டு பாரனிக்கும் நடுவே வளைவு வயல் என்று ஒன்று உண்டு. முன்பு அதற்குக் கிழக்கே ஓடிய ஓடை ஒரு வெள்ளத்தில் தடம் மாறி மேற்கே ஓட ஆரம்பித்தது. பழைய தடம்தான் எல்லை, வயல் எங்களுடையது என்றது க்ளான்டூகன். தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அதுதான் எல்லை, வயல் எங்களுடையது என்றது ராத்மோய்ன். வருடாவருடம் ஆகஸ்ட் சந்தையில் இதற்காகக் கம்பு சுழலும். டார்பியின் முன்பல் இரண்டு அப்படிப் போனவை. வேடிக்கை என்னவென்றால், அந்த வயல் ஜமீனுடையது. இரண்டு பக்கத்திலும் ஒருவனுக்கும் அதில் ஒரு புல் சொந்தமில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் ஜமீன் ஏஜென்ட் அந்த வயலில் போட்டிருந்த புல்போரை யாரோ கொளுத்திவிட்டார்கள். யார் என்று பிடிக்க முடியாதபோது கவுண்டி ஜூரிக்கு ஒரே வழிதான் தெரியும்: போர் எந்த பாரனியில் இருந்ததோ அந்த பாரனி முழுவதும் நஷ்டத்தைக் கட்டவேண்டும். அடுத்த ஞாயிறே வளைவு வயலுக்குச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. க்ளான்டூகன்காரர்கள் அது ராத்மோய்னுடையது என்றார்கள். ராத்மோய்ன்காரர்கள், க்ளான்டூகனின் நியாயத்தைத் தாங்கள்தான் இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்றார்கள்.

வயல் எங்கே சேர்ந்தது என்பது டார்பிக்குத் தெரியும். பழைய தடத்தில், நாணலுக்குள், எல்லைக்கல் இன்னும் நின்றது. அதைக் காட்டினால் ஊரே அவரால் வரி கட்டும். மறைத்தால் பைபிளில் வைத்த கை பொய்யாகும்.

பக்கத்து வீட்டு ஆஸ்டின் லாவெல் ஒரு கட்டி வெண்ணெயோடு வந்தான். இதற்கு முன் அந்த வீட்டிலிருந்து மோர்கூட வந்ததில்லை.

"ஓடை எங்க ஓடுதோ அங்கதான் எல்லைன்னு கைய நீட்டிட்டுப் போயேன் டார்பி. அந்தக் கல்ல யாரு பாக்கப்போறா?"

"போன ஆகஸ்ட்ல அந்த வயல் நம்மளுதுன்னு என்னைய முன்னால தள்ளிவிட்டது நீதானடா? என் பல்லு எங்க இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"அது சந்தை. இது வரி."

அவன் போனபிறகு டார்பியின் மனைவி சபீனா வெண்ணெயை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "உண்மையச் சொன்னா ஊரு உங்கிட்ட பேசாது. பொய் சொன்னா நீ தூங்கமாட்ட, என்னையும் தூங்கவிடமாட்ட. உண்மையவே சொல்லித் தொலை."

மூன்றாம் நாள் காலை எல்லோரும் வளைவு வயலில் நின்றார்கள். இரு பக்கத்திலும் கூட்டம். டார்பி நாணலை விலக்கிக் கல்லைக் காட்டினார். இதுதான் எல்லை, வயல் க்ளான்டூகனுக்குச் சேர்ந்தது என்று முதலில் இங்கிலீஷிலும் பிறகு எல்லோருக்கும் புரியும்படி ஐரிஷிலும் சொன்னார்.

மார்ட்டின் டூகன் வாயைத் திறக்காமல் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ராத்மோய்ன்காரர்கள் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்ததும் அவ்வளவுதான். அவன் தலையாட்டத்தான் ஆரம்பித்தான். பாதியில் நின்றது.

"எங்க பேர எடுத்துக்கிட்டீங்க. ஊர எடுத்துக்கிட்டீங்க. எங்க பழைய மண்ணுல ஓடைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குன்னு மிஞ்சினது இந்த ஒரு வயலு. இதையும் எடுத்துக்குவீங்களா?" என்றான் மார்ட்டின். "சார், எழுதிக்கோங்க. தண்ணி ஓடுற இடம்தான் எல்லை. இது ராத்மோய்ன்."

அவன் மச்சான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். மார்ட்டின் உதறிவிட்டான்.

டார்பி விடவில்லை. அது எங்கள் வயல், சத்தியம் செய்திருக்கிறேன் என்றார். எங்களுடையது என்றான் மார்ட்டின். காலைவரை யாருக்கும் வேண்டாத வயலாக இருந்தது இப்போது இரண்டு பேருக்கும் வேண்டியதாகிவிட்டதே என்று கார்ப்பரல் வானத்தைப் பார்த்தார். மழை இறங்கிக்கொண்டிருந்தது. நாணலுக்குள் சாய்ந்த கல்லைவிட ஓடுகிற தண்ணீர் வரைபடத்தில் சுத்தமாக வரும். ஓடையின்மேலேயே எல்லைக்கோட்டைப் போட்டார். வயல் ராத்மோய்னுக்குப் போனது.

அன்று மாலை க்ளான்டூகனில் டார்பியைத் தோளில் தூக்காத குறை. மார்ட்டினை எப்படிச் சீண்டிவிட்டார் பார், என்ன மூளை என்றார்கள். உண்மையைத்தான் சொன்னேன் என்று அவர் கத்தினார். ஆமாம் ஆமாம் என்று கண்ணடித்தார்கள். வரியை ராத்மோய்ன் கட்டி முடித்தது. அடுத்த ஆகஸ்ட் சந்தையில், இனி சண்டை போட வயல் இல்லை என்பது க்ளான்டூகனுக்கு உறைத்தது. தாத்தா காலத்து வயலைப் பட்டாளத்துக்காரனிடம் தாரைவார்த்துவிட்டான் என்று ஆரம்பித்தது ஆஸ்டின் லாவெல்தான். வெண்ணெயைத் திருப்பிக் கேட்காத குறை.

வயலைக் கொடுத்த கெரிகன். பெயர் ஒட்டிக்கொண்டது. டார்பி விளக்கிப் பார்த்தார், கல்லைக் காட்டிப் பார்த்தார், ஒருமுறை பாதிரியாரையே சாட்சிக்கு அழைத்தார். பஞ்சம் வந்து பாதி ஊர் கப்பலேறியது. அந்தப் பெயரும் கூடவே ஏறியது. பாஸ்டனிலிருந்து லாவெலின் மகன் எழுதிய முதல் கடிதத்தில், அப்பா அம்மா சுகமா என்பதற்கு அடுத்த வரி, வளைவு வயல் திரும்பி வந்ததா என்பது.

இதற்குள் சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்ட டார்பிக்குத் துணை இல்லாமல் போயிருந்தது. அது தனியாள் வேலையல்ல. ஒருவன் வெட்ட, இன்னொருவன் குழிமேல் நின்று கட்டியைப் பிடிக்கவேண்டும். வரி கட்டவைத்ததற்காக ராத்மோய்னில் மார்ட்டினுக்கும் அதே நிலைமை. ஒரு மே மாதம் அவன் டார்பியின் குழிமேல் வந்து நின்றான். டார்பி ஒரு கட்டியை வீசினார், அவன் பிடித்தான். மறுநாள் இவர் அவனுடைய குழிக்குப் போனார். அப்படியே பத்தொன்பது வருடம் ஓடியது.

"இருந்தாலும் அது எங்க வயலுதான்," என்பான் மார்ட்டின், வருடத்துக்கு ஒரு தடவையாவது.

"கல்லு அங்கதான்டா நிக்குது. கண்ணு இருந்தா போய்ப் பாரு," என்பார் டார்பி. "இப்போ இதப் பிடி."