அண்ணன் வாசலில் எந்தப் பாட்டு?

ஒருவர் எந்தப் பாட்டோடு வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஓராண்டுக்கு முன்பு, மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில், பந்தலின் கீழ் அண்ணனின் உடலைக் கிடத்திவிட்டு, ஒரு முற்பகல் முழுவதும் இதற்காகச் சண்டையிட்டோம். அந்தச் சலிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். ஆகவே மரியாதையோடு, ஆனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்ததும் இதே மந்தைவெளியில்தான். எங்கள் தந்தையார் மறைந்தபோது பத்தாம் வகுப்பில் இருந்தார். படிப்பை விட்டு, மயிலாப்பூரில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் சொந்தக் கடை வைத்தார். நான் சமூகப்பணியில் முதுகலை படித்தது அந்த உழைப்பில்தான். மார்கழியில் மயிலாப்பூர்க் கச்சேரிகள், ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள், தியாகராய நகர் மண்டபங்களில் கல்யாண மெல்லிசை, திருவல்லிக்கேணியில் கவ்வாலி, அடையாற்றுக் கல்லூரி விழாக்களில் காதைக் கிழிக்கும் கிதார் என எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிகள் போயின.

அவரோடு ஒரே வீட்டில் வாழ்வது எளிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் ஸ்பீக்கர்களுக்கு இடையே பக்கவாட்டாகத்தான் நடக்க முடியும். பழுது பார்த்ததைச் சோதிக்கிறேன் என்று காலையில் தவில் முழங்கும், மாலையில் டிரம்ஸ். என் ஆய்வேட்டுக்காக ஒருமுறை, "இதுல எதுண்ணா மக்களோட சங்கீதம்?" என்று கேட்டேன்.

"பாடறவன் மைக்க முழுங்கறானா, தள்ளி நிக்கிறானா, அவ்ளோதான் எனக்குத் தெரியும். போ, போய் டீ போடு."

அந்த இயலை நான் அவருடைய உதவியின்றியே எழுத வேண்டியதாயிற்று.

அவருடைய உயிர் நண்பர் கானாப் பாடகர் எல்லப்பன். அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். வீடுகள் இடிக்கப்பட்டபோது நகருக்கு வெளியே அனுப்பப்பட்டவர். சாவு வீடுகளில் இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டிப் பாடுவது அவர் தொழில். கல்லீரல் நோயோடு அண்ணன் மருத்துவமனையில் இருந்தபோது, பேருந்து மாறி மாறி வந்து பார்த்தார்.

"டேய், நான் முந்திக்கினா நீதான்டா பாடணும்" என்றார் அண்ணன்.

"நீ மைக்க ஒயுங்கா வெச்சிட்டுப் போ நைனா, பாட்றேன்."

இருவரும் சிரித்தார்கள். அருகில் நின்ற எனக்கும் அண்ணிக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அதைத்தான் அன்று மறுத்தார்கள். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தரான எங்கள் பெரியப்பா உறுதியாக இருந்தார். "பக்திப் பாட்டு போட்டாச்சு, போதும். கானா கீனால்லாம் இங்க வேணாம். சுத்திலும் பெரிய மனுஷங்க இருக்காங்க, மானம் போயிடும்." மெல்லிசைக் குழு நண்பர்கள் பழைய சினிமாப் பாட்டு பாட வேண்டும் என்றனர். சபாக்களில் வாசிக்கும் ஒருவர் வயலின் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார். அடுத்தவர் இசையைக் குறை சொல்வதில் காட்டிய ஊக்கத்தில் பாதியை, வெயிலில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதில் காட்டியிருக்கலாம். ஓர் இசையை இழிந்தது என்று ஒதுக்கும்போது யாரை ஒதுக்குகிறோம் என்று நான் விளக்க முயன்றேன்.

"சாவு வீட்ல லெக்சரா?" என்றார் பெரியப்பா.

எல்லப்பனோ தன் டோலக்கோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். அமரர் ஊர்தி வரும் நேரம் நெருங்கியது. அப்போது அண்ணி உள்ளிருந்து வந்தார்.

"அவரு கேட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் மாமா. அதுக்கும் இல்லன்னா, அவர வண்டில ஏத்த விடமாட்டேன்."

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரே ஒரு பாட்டு" என்றார்.

இத்தகைய பாட்டில் இறந்தவரின் சொந்தங்களைப் பெயர் சொல்லிப் பாடுவது வழக்கம். எல்லப்பன் ஒவ்வொருவரிடமும் உறவைக் கேட்டுக்கொண்டே வந்தார். "பெரிப்பா, உம் பேரு இன்னா? பாட்ல வரணும்."

பெரியப்பா சிறிது தயங்கிவிட்டுப் பெயரைச் சொன்னார். பிறகு, "ரிட்டயர்டு ஹெட் கிளார்க். அதையும் சேத்துக்கப்பா" என்றார்.

மானத்தைப் பற்றி அதுவரை பேசிய அத்தனை பேரும் தத்தம் பெயர்களோடு எல்லப்பனைச் சூழ்ந்துகொண்டார்கள். துபாயில் இருக்கும் மகனின் பெயரையும் சேர்க்கச் சொன்னார் ஒருவர். இதற்காகவா அந்த முற்பகலை வீணாக்கினோம் என்று எனக்கு எரிச்சல் பொங்கியது. ஒரே பாட்டுதான், ஆனால் அது நீண்டது. ஊர்தி ஓட்டுநர் அவசரப்படுத்தியபோது பெரியப்பா அவரைத் தடுத்தார்: "இருப்பா, இன்னும் என் பேரு வரல."

பெயர் வந்தது. பதவியும் வந்தது. கூடவே, சின்ன வயதில் அண்ணனைத் தோளில் தூக்கி மயிலாப்பூர்த் தேர் காட்டியதும் வந்தது. அதைப் பெரியப்பா சொல்லவில்லை. அண்ணன் எப்போதோ நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை அழாத பெரியப்பா நாற்காலியில் அமர்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பின் வயலினும் வாசிக்கப்பட்டது. சினிமாப் பாட்டும் பாடப்பட்டது. யாருடைய மானமும் போகவில்லை.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், ஆண்டுக்கணக்கில் எங்கள் வீட்டு ஓசையைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய எல்லப்பன் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடையை இப்போது அண்ணி நடத்துகிறார். சென்ற ஆவணியில் பெரியம்மா காலமானபோது எல்லப்பனை அழைத்தவர் பெரியப்பாதான்.