ஆறரை போதும்

துவக்குக் கடையில், அதாவது துப்பாக்கிக் கடையில், நிற்பவனின் பாதி நாள் துவக்கு விற்பதில் போவதில்லை. வந்தவரின் ஆசையை மெல்ல ஒரு படி கீழே இறக்கிவைப்பதில் போகிறது. செருப்புக் கடையோ மருந்துக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

ஒஸ்லோவில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் எனக்குப் பதினொரு வருஷம். வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "இது என் முதல் ரைஃபிள். மானும் சுடவேண்டும், சனிக்கிழமைகளில் இலக்குப் பலகைக்கும் சுடவேண்டும். எந்த ரவை நல்லது?" ரவை என்று நாங்கள் சொல்வது தோட்டாவைத்தான். என் பதிலும் மாறுவதில்லை. 6.5x55. இந்த நாட்டில் 'ஆறரை' என்றாலே எல்லோருக்கும் தெரியும். சரியான சன்னம், அதாவது ரவையின் முனைக்குண்டு, போட்டால் சிறுமானிலிருந்து எல்க் என்கிற பெரிய காட்டுமான் வரைக்கும் சட்டப்படி போதும். எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். முக்கியமாக, தோளில் உதைக்காது. 308உம் நல்ல ரவைதான், சண்டைக்கு வராதீர்கள்.

இவ்வளவு ஞானம் பேசும் என் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருப்பது 30-06, எங்கள் பேச்சில் 'முப்பது'. ஆறரையைவிடப் பெரியது, நன்றாகவே உதைக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சூட்டுச் சோதனையில் தோற்றிருக்கிறேன். இங்கே பெரிய மிருகம் வேட்டையாடுபவர் வருஷாவருஷம் அந்தச் சோதனையைச் செய்யவேண்டும். நூறு மீற்றரில் ஒரு மான் படம், அதில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம், ஐந்து வெடியும் அதற்குள் விழவேண்டும். எத்தனை தரமும் முயலலாம். நானும் முயன்றேன். எனக்கு எப்போதும் இரண்டு வெளியே.

கடையில் என்னோடு வேலை செய்யும் ஆன்னே தன் வேட்டைக் குழுவில் எனக்கு ஓரிடம் பிடித்து வைத்திருந்தாள். அப்படி இடம் லேசில் வராது; யாருக்காவது முழங்கால் போனால்தான் வரும். மூன்றாவது இலையுதிர்காலமும் நான் விழுந்தால் அது வேறு ஆளுக்கு என்று குழு சொல்லிவிட்டது. எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல். வேலையிடத்தில் மரியாதை உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காட்டுக் குடிசையில், இவனும் எங்கள் ஆள் என்று யாரும் எனக்குக் கட்டில் ஒதுக்கியதில்லை.

தெரிந்த ஆள்

நான் சேர்ந்த முதல் கிழமை. ரப்பர் சப்பாத்துக் காலோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வணக்கம் சொன்னேன். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களாக்கும் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் கூட. பிறகு எனக்கென்று ரைஃபிள் வாங்க அனுமதிக்கு விண்ணப்பித்தபோது, ஒன்றும் யோசிக்காமல் 30-06 என்று எழுதினேன். சின்னதை வைத்திருந்தால் இன்னும் சின்ன ஆளாகத் தெரிவேன் என்று நினைப்பு. அன்று அந்தப் பெரியவர் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: "துவக்குத் தெரிந்த ஆள் யாராவது உள்ளே இருக்கிறாரா?"

பெரிய பானை

பாலா அண்ணை ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் இருப்பவர், பஸ் ஓட்டுகிறார். வேலையிடத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவதற்காக வேட்டைக்காரர் பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு 300 மேக்னம்தான் வேண்டுமாம். அது கரடியையே விழுத்துகிற சாமான். சிறுமானுக்கு அதைப் போட்டால் வீட்டுக்குக் கொண்டுபோக இறைச்சி மிஞ்சாது, அண்ணை என்றேன். "எடுக்கிறதெண்டா பெரிசா எடுப்பம், தம்பி. பெரிய பானையிலை ரெண்டு பேருக்கும் சமைக்கலாம், இருநூறு பேருக்கும் சமைக்கலாம்" என்றார்.

நம் ஆட்களின் கணக்கு இது. பிள்ளைக்கு வாங்கும் குளிர்க்கோட்டிலிருந்து கலியாண மண்டபம் வரை எல்லாவற்றிலும் ஓர் அளவு கூடுதலாகத்தான் எடுப்போம். சிரிக்க எனக்குத் தகுதியில்லை. உங்கள் நண்பரிடம் மேக்னம் இருந்தால், சுடுமிடத்தில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் இருபது வெடி வைத்துப் பாருங்கள், பிறகு விண்ணப்பிக்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை இருவரும் திரும்பி வந்தார்கள். அண்ணை நேரே ஆறரை அடுக்கியிருந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அவர் மனைவிதான் விளக்கம் தந்தார்: "மூண்டு நாளாக் கை தூக்கேலாது, தம்பி. சீப்பாலை தலை இழுத்து விடுறதும் நான்தான்."

பதினாலு ரவை, ஒரு மடிக்கணினி

கார்த்திக் சென்னைப் பொறியாளர், இங்கே எண்ணெய்க் கம்பனியில் வேலை. என்னை 'சார்' என்றார். நான் 'தம்பி' என்றதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். மடிக்கணினியைக் கவுண்டரில் திறந்து வைத்தார். பதினாலு ரவைகளின் வேகம், சக்தி, முந்நூறு மீற்றரில் எவ்வளவு கீழிறங்கும், காற்று எவ்வளவு தள்ளும், எல்லாம் நிறம் நிறமாக இருந்தன. ஆறரை அதில் ஒன்பதாவது இடத்தில் நின்றது. முதலிடத்தில் இருந்த ரவையை நான் பதினொரு வருஷத்தில் இரண்டு பேருக்குத்தான் விற்றிருக்கிறேன்.

நான் ஒன்றையும் மறுக்கவில்லை. மாதம் எத்தனை வெடி பழகுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். "நூறாவது அடிக்கணும் சார்." வேட்டைக்கு எங்கே போவீர்கள்? "ஃபிரண்டோட, மேற்குப் பக்கம், ஃபியோர்ட் கடலோரமா." அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது ரவையை வீட்டில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தால், அந்த ஊர்க் கடையில் இந்த முதலிடத்தான் கிடைப்பானா என்றேன். கார்த்திக் பட்டியலை மேலும் கீழும் தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், என் ஷீட்ல 'எங்க கிடைக்கும்'னு ஒரு கட்டமே போடல."

காதை மூடிக்கொண்டு

என் பதிலை வாதாடாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் வசந்தி. ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் இருப்பவள், முதியோர் இல்லத்தில் தாதி. சுத்த சைவம். மானைச் சுட அவளுக்கு எண்ணமே இல்லை, காகிதத்துக்கு மட்டும்தான் சுடுவாள். ஏன் பிள்ளை இந்தப் பொழுதுபோக்கு என்று கேட்டதற்கு, "வேலையிலை நாள் முழுக்க எல்லாரும் என்னைக் கூப்பிட்டபடி, அண்ணை. இஞ்சை காதை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஒருத்தரையும் கேளாமல் கிடக்கலாம்" என்றாள். உதை குறைந்தது எது என்று மட்டும் கேட்டாள். ஆறரையை எழுதிக்கொண்டு போனாள்.

ஒரு சனிக்கிழமை சுடுமிடத்தில் எனக்குப் பக்கத்துப் பாயில் அவள்தான். நான் என் முப்பதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வழமைபோல மூன்று உள்ளே, இரண்டு வெளியே. காற்று என்றேன். துவக்கின் கண்ணாடி என்றேன். அவள் காதுமூடியைக் கழற்றிவிட்டு, "வெடிக்க முன்னமே கண்ணை மூடுறியள், அண்ணை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் அந்தப் போர் வருஷங்களில் பெரிய சத்தம் கேட்டால் முதலில் கண் மூடும், பிறகு உடம்பு தரையில் கிடக்கும். நாடு மாறியது உடம்புக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இதை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்கு ஏனோ சொன்னேன்.

வசந்தி தன் துவக்கைப் பையில் வைத்தாள். ரவைப் பெட்டியை மூடியபடி சொன்னாள்: "எனக்கும் உப்பிடித்தான், அண்ணை. அதாலைதான் உங்களிட்டைச் சின்னதாக் கேட்டு வாங்கினனான்."

வெறும் ரவை

திங்கட்கிழமை ஆன்னேயிடம் கேட்டேன், நான் சுடும்போது ஒரு தரம் வந்து பார் என்று. அவள் வந்தாள். துவக்கை நானே நிரப்பித் தருகிறேன் என்றாள். வெடிமருந்தில்லாத பயிற்சி ரவை ஒன்றை நடுவில் கலந்து போட்டது எனக்குத் தெரியாது. முதல் வெடி, இரண்டாவது வெடி. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் உதைக்காத அந்தத் துவக்கின் குழல், என் கையில் அடி விழுந்தது போலக் குனிந்து மண்ணைப் பார்த்தது.

கண்ணை மூடியது நான், குழலைக் குனியவைத்ததும் நான். காற்று பாவம். முப்பது வாங்கிய கதையை, ரப்பர் சப்பாத்துப் பெரியவர் உட்பட, அவளிடம் சொல்லி முடித்தேன். ஆன்னேக்கு அவரைத் தெரியும், போன மாதமும் என்னிடம்தான் ரவை வாங்கிக்கொண்டு போனார் என்று நினைவூட்டினாள். நான்தான் அவரை இன்னும் அந்த முதல் நாளிலேயே நிறுத்தி வைத்திருந்திருக்கிறேன். பிறகு சொன்னாள்: "நாளைக்குக் கவுண்டரின் மற்றப் பக்கம் வந்து நில். நீ எல்லோருக்கும் சொல்வதையே நான் உனக்குச் சொல்கிறேன்."

ஐந்து வெடி

நின்றேன். "முதல் ரைஃபிளா?" என்று அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டாள். ஓம் என்றேன்; எனக்குப் பொருந்தும் முதல் ரைஃபிள் என்ற கணக்கில் அதில் பொய்யும் இல்லை. புது அனுமதி வரும்வரை அவளுடைய ஆறரையை முறைப்படி இரவல் தந்தாள். கோடை முழுக்க ஒவ்வொரு சனியும் பழகினேன். வெறும் ரவையை நானே பார்க்காமல் கலந்துவைத்துக்கொண்டு, எது எது என்று தெரியாமல் சுட்டேன். குழல் குனிவது குறைந்துகொண்டே வந்தது. அடியோடு நிற்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் சோதனை. என் முகம் தெரியும் பக்கமாக வசந்தி தொலைநோக்கியோடு நின்றாள். நான்கு வெடி வைத்து முடித்தேன். மூச்சை விட்டு, குடிசைக் கட்டிலை நினைக்காமல், ஐந்தாவதையும் வைத்தேன். சோதனை எடுப்பவர் படத்தை நெருங்கிப் பார்த்தார், விரலால் எண்ணினார், தாளில் ஒப்பமிட்டார். நான்கும் நடுவில் கூட்டமாக இருந்தன. ஒன்று மட்டும் வட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டைத் தொட்டால் உள்ளேதானாம். அழுகை வந்தது, மறைக்கவில்லை. வசந்தி தொலைநோக்கியை இறக்கிவிட்டு, தாதிக்கேயுரிய நேர்மையோடு சொன்னாள்: "நாலுக்குக் கண் திறந்திருந்தது, அண்ணை. அஞ்சாவதுக்கு மூடினியள்."

ஆன்னேயின் குழுவில் கதவோரக் கட்டில் இப்போது எனக்குத்தான். பதினொரு வருஷமாக ஊரார் தோளுக்கெல்லாம் இரங்கிய ஒருவன் தன் தோளுக்கு இரங்க இத்தனை காலம் எடுத்தான் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.