பொட்டு வைத்த வெள்ளிக் காசு

என் மாமாவின் முகம் எதையும் மறைக்காது. கேரம் ஆடும்போது அவர் எந்தக் காயைக் குறிவைக்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதருக்குப் பழைய வெள்ளிக் காசு வாங்கும் பித்துப் பிடித்தால், ஓமானில் சோஹார் ஊர்ச் சந்தையான சூக்கில் கடைக்காரர்கள் அவரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சோஹார் துறைமுகத்தைக் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்பாவுக்கு அங்கே கிரேன் வேலை. மாமா அம்மாவின் தம்பி. அவருக்கு விசா எடுத்து ஒரு ஏ.சி. ரிப்பேர் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அப்பாதான். வாரம் முழுக்க மாமா கேம்பில் இருப்பார். வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை காலையானால் சூக்.

அந்தக் காசை அங்கே ஃபிரான்சி என்பார்கள். கையில் வைத்தால் நல்ல கனம். ஒரு பக்கம் முக்காடு போட்ட குண்டு அரசி, மறுபக்கம் இரண்டு தலைக் கழுகு. அரசி செத்த பிறகும் அரபு வியாபாரிகள் வேறு காசை நம்பவில்லையாம். அதனால் நம் பம்பாய் உட்படப் பல ஊர்களில் அதே முகத்தையும் அதே வருடத்தையும் போட்டு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் அச்சு வெட்டியவன் கை வேறு என்பதால் கழுகின் வால் இறகு கொஞ்சம் மாறும், அரசியின் தோள் நகையில் முத்து கொஞ்சம் மாறும். சாதா அச்சு வெள்ளி விலைக்குப் போகும். அபூர்வமான அச்சுக்குச் சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பார்கள்.

"இவனுக்குப் பொண்ணு பார்க்கலாம்னா, இவன் கழுகுக்கு வால் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்பாள் அம்மா.

மாமாவுக்கு லென்ஸ் வேண்டும். எனக்கு வேண்டாம். பத்து வயதில் என் கண் அப்படி. பாடப் புத்தகத்தில் எதுவும் ஏறாத என் மண்டையில் கழுகு வால்கள் மட்டும் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தன. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

கடைசியில் ஒருநாள் மாமாவுக்கு அது கிடைத்தே விட்டது. வாலின் நடு இறகு மட்டும் நீண்டு, நுனியில் சற்றே வளைந்த அச்சு. காசு கன்னங்கரேலென்று இருந்தது. மஸ்கட்டில் காசு சேர்க்கும் ஒரு குஜராத்தி சேட்டுக்கு மாமா போன் போட்டார். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானே வந்து பார்ப்பதாக அவர் சொல்லிவிட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருந்தது. ஊரில் ஒரு பெண் வீட்டில் பேசி முடித்து, தீபாவளிக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி லீவு கொடுத்தது, டிக்கெட் கொடுக்கவில்லை. அந்தக் கறுத்த காசுதான் மாமாவின் டிக்கெட்.

அந்த வாரம் சரஸ்வதி பூஜை வந்தது. காலண்டரில் எந்தக் கிழமை போட்டிருந்தாலும் எங்களுக்கு அது அப்பாவின் லீவு நாளில்தான் வரும். வியாழக்கிழமை அம்மா வீட்டிலிருந்த வெள்ளிச் சாமான்களையெல்லாம் எடுத்து விபூதி போட்டுத் தேய்த்தாள். குங்குமச் சிமிழ், விளக்கு, என் பால் டம்ளர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அலமாரியில் மாமாவின் பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டுவிட்டது.

நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஃபிரான்சிகள் பளபளவென்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு அரசியின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சிரிக்கத்தான் தோன்றியது எனக்கு. பின்னாலேயே வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"எப்படிக் கரி புடிச்சுக் கெடந்துச்சு, இப்பப் பாரு!" என்றாள் அம்மா.

மாமா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். காசுக்கு அந்தக் கறுப்புதான் வயசாம். தேய்த்த காசைச் சேகரிப்பவன் கையால் தொடமாட்டானாம். எனக்கு அம்மாமேல் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதே போய்க் கேட்கிறேன் என்று திரும்பியவளின் பின்னலைப் பிடித்து நிறுத்தினார் மாமா. "அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது பாப்பா. சாமிக்குச் செஞ்சிருக்கு."

மறுநாள் காலையில் இன்னொரு அதிசயம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் வாசலைத் தாண்ட விடாத அம்மா, அன்று என் கையில் ரியால் நோட்டுகளைத் திணித்து, "மாமாகூட சூக்குக்குப் போயிட்டு வா. ஒனக்குப் புடிச்சத வாங்கிக்க" என்றாள். சரஸ்வதிதான் கண் திறந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சூக்கில் மாமா எந்தக் காசை உற்றுப் பார்த்தாலும் அதன் விலை அந்த நிமிடமே ஏறிவிடும். அதனால் அவரை ஜூஸ் கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். அதே வளைந்த வால் அச்சு முதல் கடையில் இல்லை, அடுத்ததில் இல்லை. ஜும்மா தொழுகைக்குக் கடைகளை மூட ஆரம்பித்திருந்தார்கள். மூலையில் ஒரு ஓமானிப் பெரியவர் ஷட்டருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தட்டில் உடைந்த கொலுசுகளுக்கும் கத்தி உறைகளுக்கும் நடுவே ஒரு கறுத்த ஃபிரான்சி கிடந்தது. புரட்டினேன். நடு இறகு நீண்டு, நுனியில் வளைந்திருந்தது.

மாமாவாக இருந்தால் அந்த நிமிடமே பல்லைக் காட்டியிருப்பார். ஆனால் என் முகம் மாமா முகம் இல்லையே. முதலில் ஒரு மோதிரத்தை விலை கேட்டேன். பிறகு ஒரு கொலுசு. பிறகுதான் போனால் போகிறது என்பதுபோல அந்தக் காசு. தராசில் போட்டு வெள்ளி விலை சொன்னார். கையிலிருந்ததைக் கொடுத்தேன். சரியாக இருந்தது.

அங்கேதான் வந்தது வினை. சின்னப் பெண்ணுக்கு அழுக்குக் காசைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு துணியை எடுத்தார், டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைத் தொட்டார்.

"லா! லா! மாஃபி!" என்று எனக்குத் தெரிந்த அரபியில், வேண்டாம் வேண்டாமென்று கடையே அதிரக் கத்தினேன். அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். "மம்மி கரேகி!" என்றேன் இந்தியில். அம்மா தேய்த்துக்கொள்வாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கலாஸ், யல்லா", சரி முடிந்தது, ஓடு என்று காசை என் உள்ளங்கையில் வைத்தார். நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று சூக்கிலேயே போயிற்று. அதற்காக யாரும் என்னைத் திட்டவில்லை.

சாயங்காலம் சேட் வந்தார். அம்மா கொடுத்த காபி ஆறும்வரை லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "பஹுத் அச்சா, பாய்" என்றார். அவ்வளவுதான். மாமா என்னை அலாக்காகத் தூக்கி, மின்விசிறியில் தலை இடிக்காத குறையாகச் சுற்றினார். டிக்கெட் வந்துவிட்டது! உலகத்திலேயே கெட்டிக்காரி நான்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சேட் போனதும் அம்மா, "பார்த்தியா, நான் பூஜையில வச்ச ராசி" என்றாள்.

"ஆமாக்கா. ஒன் கைராசிதான்" என்றார் மாமா.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. காசைக் கெடுத்தவளுக்குப் பேரும் புகழும், கண்டுபிடித்தவளுக்கு ஒன்றுமில்லையா? மாமா விமானம் ஏறும்வரை அவரோடு பேசவில்லை.

தேய்த்த காசை மாமா அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனார். இப்போது அது ஊரில், எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. போன வருடம் பூஜைக்கு நான்தான் வெள்ளிச் சாமான்களைத் தேய்த்தேன். அரசி மறுபடியும் நன்றாகக் கறுத்திருந்தாள். விபூதியைத் தொட்டு அவளைக் கையில் எடுத்தேன்.

"அத மட்டும் விட்டுடுடி" என்றாள் அம்மா. "தேய்ச்சா மதிப்பு போயிடும்."

நான் அரசியைக் கீழே வைத்தேன். "ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"அன்னைக்கேதான். அவன் மூஞ்சியப் பார்த்தேன்ல?" என்றாள் அம்மா. "இல்லாட்டி ஒன் கையில ரியால எதுக்குடி திணிச்சேன்?"