மஞ்சள் தடவிய பொம்மை மாநாடு

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம், எங்கள் பக்கத்தில் மாநாடு இல்லாத வாரமே கிடையாது. வில்லியனூரில் ஒன்று, பாகூரில் ஒன்று, திருபுவனையில் ஒன்று. விவசாயிகள் மாநாடு, மில் தொழிலாளர் மாநாடு, வாலிபர் மாநாடு. அப்பா ஒன்றையும் விடமாட்டார். சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு போவார், தொண்டை கட்டித் திரும்புவார். என்னையும் கூட்டிப் போ என்று அழுதால், "பொட்டப்புள்ளைக்கு அங்க இன்னாடி வேல?" என்பார். எனக்கு அப்போது பத்து வயது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. போங்கள், நானே ஒரு மாநாடு நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நான் கூப்பிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள். ஆகையால் பொம்மை மாநாடு.

எங்கள் ஊர் வில்லியனூருக்கும் அரியூருக்கும் நடுவில், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருந்தது. பொம்மைகளுக்குப் பஞ்சமில்லை. வில்லியனூர் குயவர் தெருவில் சூளை பிரிக்கும் அன்றைக்குப் போய் நின்றால், மூக்கு உடைந்த செட்டியாரையும் கை போன செட்டிச்சியையும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அது போக, கீழத்தெருவில் மரப்பாச்சி ஜோடி இரண்டு. பனங்கொட்டையின் நாரைச் சீவிக் கொண்டை போட்ட பொம்மைகள் ஏழெட்டு. மீன்காரம்மாவின் மகளிடம் சோழி வைத்துக் கண் செய்த துணிப் பொம்மை. எல்லாவற்றுக்கும் மேலே, அரியூரில் என் வகுப்புக்காரி ஒருத்தியிடம் சைகோன் பொம்மை இருந்தது. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. அந்தப் பொம்மையைப் படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். அதைத் தலைவராகப் போட வேண்டும் என்று அவள் அடம் பிடித்தாள். கவுன் போட்டுக்கொண்டு நம் மாநாட்டுக்குத் தலைமை தாங்க முடியாது, பாவாடை கட்டினால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

பாவாடை தைக்க வேண்டியவள் என் அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊசி அவள் கைக்கு வந்தால் பேசும். அளவு எடுக்க அவளிடம் டேப் கிடையாது, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிதான். பொம்மையின் தோளில் வைத்து ஒரு கிள்ளு, இடுப்பில் வைத்து ஒரு கிள்ளு, அளவு முடிந்தது. மண் பொம்மைக்கு ரவிக்கை போடுவது லேசான காரியமில்லை. கையை மடக்கினால் உடைந்துவிடும். அக்கா ரவிக்கையை முதுகுப் பக்கம் திறந்து தைத்து, நூலால் முடிச்சுப் போட்டாள். முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் கயிறு கட்டிய மூட்டை. "மேடைல ஒக்கார்றவங்க முதுக யாருடி பாக்கப் போறாங்க?" என்றாள்.

அப்பாவின் பழைய வேட்டியில் பன்னிரண்டு ஜிப்பா வந்தது. கிழிந்த குடைத்துணியில் ஒரு வக்கீல் கோட்டு. சிவப்பு பிளானல் துண்டில், புதுச்சேரி போலீஸ்காரர் தலையில் இருக்கிறதே, அந்தச் சிவப்புத் தொப்பி கைவிரல் அளவுக்கு. அதை ஒரு பனங்கொட்டைக்கு மாட்டியதும் அது தானாகவே முறைக்க ஆரம்பித்துவிட்டது. தலைவருக்குப் போர்த்தும் பொன்னாடை, அம்மாவின் பழைய பட்டுச்சேலையின் சரிகை ஓரம். சைகோன்காரிக்குப் பச்சைப் பாவாடை, மாம்பழக் கலர் ரவிக்கை. போட்டுப் பார்த்ததும் எனக்கே வயிறு எரிந்தது, அத்தனை அழகு.

அக்கா அப்படி ராப்பகலாகத் தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சும்மா இருந்தால் அழுகை வரும். எட்டு மாதத்துக்கு முன்னால் அரியூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் புதுச்சேரி மில்லில் வேலை. தலை நிமிராமல் இரண்டு தம்ளர் காப்பி குடித்தார். அவர் அம்மா, "தகவல் சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை, பிடித்தது என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு பதிலுக்காக வேறு இடம் பார்க்காமல் எங்கள் வீடே காத்துக் கிடந்தது. ஊரில் நாலு பேர் பார்க்கிற இடத்துக்கெல்லாம் அம்மா போவதை நிறுத்திவிட்டாள். "இன்னா, அரியூர்க்காரங்க ஒன்னும் சொல்லலியா?" என்று கேட்பார்களே! அக்காவுக்குப் பேச்சே குறைந்து போனது. மாப்பிள்ளை தினமும் சைக்கிளில் எங்கள் ஊர் வழியாகத்தான் மில்லுக்குப் போனார். ஒரு நாளும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மாநாட்டுக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றாள் அக்கா. ஆகவே பொம்மைக்கு ஏற்ற தாம்பூலப் பை. மஞ்சள் துணியில் கட்டைவிரல் அளவு முப்பது பை, ஒவ்வொன்றுக்கும் நூலில் இரண்டு காது. உள்ளே நகத்தளவு கிள்ளிய வெற்றிலை, ஒரு பாக்குச் சீவல், இரண்டு பொட்டுக்கடலை, மாநாட்டு ஞாபகமாக ஒரு ரிப்பன் பூ. பொட்டுக்கடலையில் பாதியை நான்தான் தின்றேன். மறுபடியும் போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று.

அழைப்பு நோட்டீசும் முப்பது, என் கையெழுத்து. பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில், பஞ்சாயத்து எங்களுக்குக் கொம்யூன்தான். 'ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் களத்தில் அகில கொம்யூன் பொம்மை மாநாடு, பொம்மைகளை அழைத்து வரவும்' என்று எழுதி முடித்தபின் பார்த்தால், வெள்ளைத் தாள் மொட்டையாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து எந்த நல்ல சேதி வெளியே போனாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் போகும். மஞ்சள் இல்லாத கடுதாசி என்றால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். மாநாட்டுக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் வரலாமா? அம்மியில் மஞ்சள் உரைத்து முப்பதுக்கும் தாராளமாகத் தடவினேன். தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அழைக்கிறவர்கள் அப்படித்தானே போகவேண்டும்?

உழவு நேரம். ஆண்கள் எல்லாரும் வயலில். வீட்டில் இருந்த பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். எல்லாரும் தாளை வாங்கி, மஞ்சளை மட்டும் பார்த்து, கண்ணில் ஒற்றி, குங்குமம் எடுத்துக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளினார்கள். வீராம்பட்டினத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன், சோழிக்கண் பொம்மைக்காக. அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, "நல்லாருக்கட்டும்மா" என்று இரண்டு மத்தி மீன் கூடுதலாகப் போட்டார். அடடா, மாநாட்டுக்கு என்ன மரியாதை என்று நான் பூரித்துப் போனேன். அவர் அடுத்துக் கூடையை இறக்கும் இடம் அரியூர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா தன் மாநாட்டுக்குப் போய்விட்டார். நான் கொல்லைக் களத்தில் நாலு கரும்பு நட்டு, மேலே சேலை கட்டி, பலகை போட்டு மேடை அமைத்தேன். மாநாட்டுப் பந்தல் என்றால் வாழை வேண்டாமா? தெருவாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். அம்மா அடுப்படியில் இருந்ததால் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு முதல் பிரதிநிதிகள் வந்தார்கள். பொம்மையோடு பிள்ளைகள் வந்தார்கள், சரி. கூடவே அவர்களுடைய அம்மாக்களும் வந்தார்கள், பெட்டிச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து. "இன்னாம்மா, எங்களுக்கு ஒரு வார்த்த மின்னாடியே சொல்லலியே! மாப்ள எந்த ஊரு?" என்று எதிர்வீட்டு அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலுக்கு வந்தாள், வாழைக்கன்றைப் பார்த்தாள். அத்தை கையிலிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கையில் கரண்டி இருந்தது.

நான் ஓடுவதற்குத் தயாராகப் பாவாடையைத் தூக்கிச் செருகினேன். அப்போதுதான் கூண்டு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அக்கா கதவு ஓரத்தில் நின்று, யார் யார் இறங்குகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். அந்த அம்மாவின் தம்பி இறங்கினார். அப்புறம் யாரும் இறங்கவில்லை.

அந்த அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் பெரிய பித்தளைத் தட்டு. வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, மடித்து வைத்த ரவிக்கைத் துணி.

"இன்னா அண்ணி இது, அடுக்குமா? நாங்க இன்னா வேணாம்னா சொன்னோம்? தகவல் சொல்றோம்னுதான சொன்னோம்! அதுக்குள்ள வேற எடத்துக்கு மஞ்சா தடவிட்டீங்களே! மீன்காரி வந்து சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பொண்ணு எங்க வூட்டுக்குத்தான். புடிங்க தட்ட."

எங்கள் பக்கத்தில் தட்டு கை மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. எட்டு மாதமாகக் காத்திருந்த தட்டு கண் முன்னால் நிற்கிறது. அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஊரே சும்மா இருந்தது. ஆனால் என் மாநாட்டை யாரோ கல்யாணம் என்று சொல்வதா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நிச்சயமும் இல்ல, ஒன்னும் இல்ல! இது பொம்ம மாநாடு! நான்தான் வச்சேன்! வந்து பாருங்க, மேடை போட்டுருக்கேன்!"

கொல்லைக் கதவு திறந்துதான் கிடந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். சிவப்புத் தொப்பிப் பனங்கொட்டை அவரை முறைத்தது. வக்கீலும் செட்டியாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சைகோன் தலைவர் சாய்ந்து விழுந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்போ, பொண்ணுக்கு வேற எடம் ஒன்னும் அமையலியா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அதிகம் இல்லை, நாலு விரல்கடை இருக்கும். அம்மாவின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா கதவு ஓரத்திலிருந்து வந்தாள். ரவிக்கையில் குத்திய ஊசி, நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்துக்குங்க அத்தே. நாங்க வாங்கறதா இல்ல."

"இன்னாடி பேசற நீ? நான் இல்லேன்னா சொன்னேன்?"

"எட்டு மாசமா நீங்க ஒன்னுமே சொல்லல அத்தே. வேற யாரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சா வண்டி கட்டறீங்க. யாரும் கேக்கலன்னு தெரிஞ்சா தட்ட இழுக்கறீங்க. நான் இன்னா சந்தையில வச்ச கத்திரிக்காயா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசினதற்கு அக்காவுக்கு அறை விழும் என்று நினைத்தேன். அம்மா அக்காவைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "வெயில் ஏறுது அண்ணி. மாடு பாவம், பொறப்படுங்க" என்றாள். கீழே கிடந்த கரண்டியைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு அத்தை, "அட, வந்ததுக்கு மாநாட்ட பாத்துட்டாவது போவோம்" என்று பெண்களை எல்லாம் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மாநாடு நடந்தது. நான் அப்பாவைப் போலவே தொண்டை கட்டப் பேசினேன். என்ன பேசினேன் என்று ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது பெண்கள் கைதட்டினார்கள். முப்பது பையும் தீர்ந்துபோனது. பெரியவர்கள்கூடக் கேட்டு வாங்கிக் காதுக் கம்மலில் மாட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வாயால் அக்காவின் கல்யாணம் போய்விட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா களத்தில் உட்கார்ந்து, இரவல் பொம்மைகளுக்கு உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நான் வாய மூடிகினு இருந்திருந்தா ஒனக்குக் கல்யாணம் ஆயிருக்கும் இல்ல?"

"ஆயிருக்கும்" என்றாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் செட்டிச்சியைக் கொடுத்து முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். அவள் பொன்னாடையை நீவி மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்த வண்டியிலேர்ந்து அவரும் எறங்கியிருந்தா, அவங்கம்மா தட்ட எவ்ளோ இழுத்திருந்தாலும் நானே புடுங்கி வாங்கியிருப்பேன்டி."