கரண்ட் இல்லாத நாளில் ஓடிய கால்வாய்

"...அதெப்படிங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் பூமி அதிகமா ஊறும்? அதுவும் அன்னிக்குத்தான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்குதா?" என்று அம்மா கேட்டபோது, அவள் ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்று அப்பாவின் கையில் இருந்தது.

பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய். மழை நின்று மாதக்கணக்காகியும் சித்திரை வெயிலில் அது ஓடிக்கொண்டே இருந்தது. வானம் கொடுக்காத தண்ணீரை மண்தான் கசியவிடுகிறது என்பது அப்பாவின் கட்சி. எவ்வளவு கசிகிறது என்று கணக்குப் போட எலுமிச்சம்பழத்தை மிதக்கவிடுவார். வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் கரையோடு ஓட வேண்டும். கணக்கோடு விட்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மண்ணுக்குள் இவ்வளவு இருக்கும்போது லாரித் தண்ணீர் எதற்கு என்று லாரிக்காரரை வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் கிணற்றிலோ வாளி தரையைத் தட்டியது. வந்த சேற்றுத் தண்ணீரை அம்மா துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"அது ஊத்து இல்லைங்க. தெருவே குளிச்சு, துவைச்சு விடற தண்ணி. கரண்ட் கட் அன்னிக்குப் போய்ப் பாருங்க. மோட்டார் ஓடாது, வண்டவாளம் தெரியும். காஞ்சு கெடந்தா லாரி வரணும்."

"ஓடினா?"

"ஓடினா நான் வாயே திறக்கல, போதுமா?"

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில், மதியம் மூன்று பேரும் போனோம். அம்மாவின் இடுப்பில் காலிக் குடம். தெருவில் யாரும் துணி துவைக்கத் துணியவில்லை. கால்வாயில் நுரையும் இல்லை, சாம்பல் நிறமும் இல்லை. நடுவில் விரல் தடிமனுக்குத் தெளிந்த தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் மிதக்கவில்லை. தரைதட்டி உட்கார்ந்துவிட்டது.

"பாத்தியா, ஓடுது! அத்தனையும் நிலத்தடித் தண்ணி. நம்ம கிணத்துப் பக்கத்துல இருந்துதான் கசிஞ்சு வருது" என்று அப்பா குதித்தார்.

"நம்ம கிணத்துல இருக்க வேண்டியது இங்க ஓடிப்போகுது. அதுக்கு இவ்ளோ சந்தோஷமா?" என்றாள் அம்மா. பிறகு சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்து நான் அப்பா பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கரைக்கல் இடுக்கில் தண்ணீர் சொட்டிய இடத்தில் குடத்தைச் சாய்த்துப் பிடித்து, அது அரைக் குடமாகும்வரை அம்மா வெயிலிலேயே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கிணற்றடிக்குக் கையசைத்துக் கூப்பிட்டு, அந்த அரைக் குடத்தையும் கிணற்றுக்குள் ஊற்றினாள். இதனால் கிணறு நிறையாது என்பதுகூட இவளுக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்; ஊற்றிய தண்ணீர் சேற்றில் போன இடம் தெரியவில்லை. அம்மா லாரிக்காரரின் எண்ணை அழுத்தி, வாய் திறக்காமலே போனை அவர் கையில் வைத்தாள்.