அண்ணன் காரில் இழுத்தடித்த பழுது

டிக்டிக்டிக்டிக் என்று பட்டறையிலிருந்து சத்தம் பறந்து வந்தது. அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கார் இண்டிகேட்டர் நிதானமாக அடிக்க வேண்டும். இப்படிப் பதறினால் எங்கோ ஒரு விளக்கு சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

"இன்னும் அப்படியேதான் இருக்கு!" அண்ணன் கத்தினான்.

"வரேண்ணா!"

இன்றைக்கு முன் 'அண்ணா' என்று கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்பா போனபின் பட்டறையை விற்கலாம் என்றான் அவன். மாட்டேன் என்றாள் இவள். அன்று முறிந்த பேச்சு. இன்று தெருவுக்கே இவள் லைட்டக்கா. பழைய கார் வயரிங் என்றால் தண்ணீர்பட்ட பாடு. மூன்று கடை ஏறி இறங்கியும் சரியாகாத அப்பாவின் காரோடு, வேறு வழியில்லாமல் மதியம் வந்து நின்றான் அண்ணன். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கியது.

"பின்னாடி பெயின்ட் அடிச்சியாண்ணா?" என்று வந்ததுமே கேட்டாள்.

"போன மாசம். ஒருத்தன் இடிச்சிட்டான்."

அந்த நிமிடமே புரிந்துவிட்டது. விளக்கின் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயரைப் புதுப் பெயின்டின் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கரண்ட் தகரத்தைத் தொட முடியாமல் பக்கத்து விளக்கு வழியாகச் சுற்றுகிறது. போல்ட்டைக் கழற்றிப் பெயின்டைச் சுரண்டினால் போதும், ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிடத்தில் அண்ணன் போய்விடுவானே!

பல்பை மாற்றினாள். ஃப்யூஸைத் துடைத்தாள். ஒரு பாவமும் அறியாத சுவிட்சைப் பிரித்துப் போட்டாள்.

"இது மூணாவது பல்ப். லைட்டக்காங்கறது பேருக்குத்தானா?"

"அவசரப்பட்டா வயர் பேசாதுண்ணா."

"அதுக்கும் சேர்த்துத்தான் நீ வண்டி வண்டியா பேசறியே."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வாசலுக்கும் காருக்குமாக நடந்தான்; கடிகாரத்தைப் பார்த்தான். அவள் வைத்த டீ ஆடை கட்டியது.

அவன் போன் அடித்தது.

"அழாதேம்மா. டியூஷன் வாசல்லயே நில்லு. அப்பா ஒரு கடையில இருக்கேன்."

கடை! தங்கை வீடு என்று சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தை. அத்தை என்று ஒருத்தி இருப்பதே அதற்குத் தெரியாது. இவளுடைய ஆசைக்காக, பொழுது சாயும் நேரத்தில் தனியாக நிற்கிறது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் ஓடினாள்.

"பழுது எதுன்னு அப்பவே தெரியும்ணா. சரி பண்ணிட்டா நீ கிளம்பிடுவேன்னு..." போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.

"அங்க குழந்தை தனியா நிக்குது! உனக்கு இது விளையாட்டாடி?"

கண்ணீர் மறைக்க, தகரம் பளபளக்கும்வரை சுரண்டி போல்ட்டை முடுக்கினாள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன.

ஸ்டியரிங் முன் உட்கார்ந்தவன், எதையோ நினைத்தவன்போல் மறுபடி போனை எடுத்தான்.

"கிளம்பிட்டேன்டா. எங்கேயா..." தங்கையைப் பார்த்தான். கோபம் இன்னும் இறங்கவில்லை. "அத்தை வீட்டுல. எந்த அத்தையா? உனக்கு இருக்கறதே ஒரு அத்தைதான். வந்து சொல்றேன்."

கார் தெருவில் இறங்கியது. சிவப்பு விளக்குகள் முனை திரும்பும்வரை நின்றாள். பிறகு பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.